தாவரக் கூளத்திலிருந்து டீசல்: வைக்கோல் கணக்கும் ஆலைக் கணக்கும்

2023-24ஆம் நிதியாண்டில் நமது நாட்டில் செலவான டீசலின் அளவு ஏறத்தாழ 9 கோடி டன் ஆகும். சரக்கு லாரியும் டிராக்டரும், அறுவடை இயந்திரமும் மீனவரின் விசைப்படகும் இதனை நம்பியே இயங்குகின்றன. நாம் சுத்திகரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்படுவதாகும். மறுபுறம், ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், அரியானா மாநில வயல்களில் நெல் அறுவடை முடிந்ததும், லட்சக்கணக்கான டன் வைக்கோல் கிடந்த இடத்திலேயே கொளுத்தப்படுகிறது. புகையாகிப் போகும் இவ்வைக்கோலை டீசலாக மாற்ற இயலாதா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது.

இயலும் என்பதே இரசாயனம் தரும் விடை. அதற்கான செய்முறையும் நூறாண்டுப் பழமை உடையது. ஆயினும் வைக்கோலையோ மரத்தையோ வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்து டீசல் தயாரிக்கும் தொழில் வணிக அளவில் எந்த நாட்டிலும் இன்னும் நிலைபெறவில்லை. செய்முறை தெரிந்திருந்தும் தொழில் ஏன் வேரூன்றவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடையின் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் இல்லை. வயலுக்கும் ஆலை வாயிலுக்கும் இடையே உள்ள சாலையில் இருக்கிறது.

ஒரு பெயர், மூன்று பொருள்கள்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘உயிரி டீசல்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறுபட்ட எரிபொருள்கள் குறிக்கப்படுகின்றன. அலுவலகக் குறிப்புகளிலும் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதுண்டு. அதனால் ஒன்றுக்குரிய புள்ளிவிவரம் மற்றொன்றின் தலையில் ஏற்றப்படுகிறது.

தாவர எண்ணெயை மெத்தில் ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து பெறுவது முதல் வகை. நாம் பெரும்பாலும் உயிரி டீசல் என்று சொல்வது இதனைத்தான். இதன் மூலக்கூறில் ஆக்சிஜன் உண்டு. ஆகவே இதன் குணமும் பெட்ரோலிய டீசலின் குணமும் ஒன்றல்ல. அதே தாவர எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ ஹைட்ரஜனுடன் சேர்த்து, ஆக்சிஜனை நீக்கி, தூய ஹைட்ரோகார்பனாக மாற்றுவது இரண்டாவது வகை. ஃபின்லாந்து நாட்டின் நெஸ்டே நிறுவனம் 2007ஆம் ஆண்டில் தன் நாட்டிலும், 2010ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் இதற்கான ஆலைகளைத் தொடங்கியது. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த விமான எரிபொருளும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 2018 ஆகஸ்டு 27ஆம் நாள் டேராடூனிலிருந்து தில்லிக்குப் பறந்த விமானத்தில் அது கலந்து பயன்படுத்தப்பட்டது.

மூன்றாவது வகைக்கு எண்ணெய் வித்தே தேவையில்லை. வைக்கோல், கரும்புச் சக்கை, பருத்தி மார், மரத்துண்டு என எந்தத் தாவரக் கூளத்தையும் முதலில் வாயுவாகச் சிதைத்து, பின் அவ்வாயுவை இணைத்து டீசலாகக் கட்டுவது இம்முறை. செயற்கை டீசல் என்னும் பெயர் இதற்கே முழுமையாகப் பொருந்தும். இக்கட்டுரை இதனைப் பற்றியது.

வாயு டீசலாகும் விதம்

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் மூல்ஹைம் நகரத்திலிருந்த ஆய்வுக் கழகத்தில் 1920களில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் ஆகிய இருவரின் பெயரால் இச்செய்முறை வழங்குகிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை, இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மீது, 200 முதல் 240 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 30 மடங்கு காற்றழுத்தத்திலும் செலுத்தினால், கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன. ஆக்சிஜன் நீராக வெளியேறுகிறது. சங்கிலி மிக நீண்டால் மெழுகு கிடைக்கும். மெழுகை ஹைட்ரஜனைக் கொண்டு உடைத்தால் டீசல் கிடைக்கும்.

பெட்ரோலியக் கிணறு இல்லாத ஜெர்மனி, இரண்டாம் உலகப் போரின்போது நிலக்கரியைக் கொண்டு இவ்வகையில் ஒன்பது ஆலைகளை இயக்கியது. தென் ஆப்பிரிக்காவில் சாசோல் நிறுவனம் 1955 முதல் நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரித்து வருகிறது. 1980களில் செகுண்டாவில் எழுந்த அதன் பெரிய ஆலைத் தொகுதியின் திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பீப்பாய். எனவே செய்முறையைக் குறித்து ஐயத்திற்கே இடமில்லை.

இவ்வாறு பெறப்படும் டீசலில் கந்தகம் இல்லை என்றே கூறலாம். எளிதில் பற்றும் தன்மையைக் குறிக்கும் சீட்டேன் எண் 70ஐத் தாண்டும். நமது நாட்டில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலுக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 51தான். தற்போதுள்ள இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. குழாய்களையும் கிடங்குகளையும் அப்படியே பயன்படுத்தலாம். அடர்த்தி சற்றுக் குறைவு என்பதும், உராய்வைத் தணிக்கும் பொருளைத் தனியே சேர்க்க வேண்டும் என்பதும் சிறு குறைகளே.

நிலக்கரியின் இடத்தில் வைக்கோலை வைக்கும்போது தொல்லைகள் தொடங்குகின்றன. தாவரப் பொருளில் எடைக்கு எடை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் உண்டு, ஹைட்ரஜன் குறைவு. டீசல் சங்கிலி உருவாக ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன் வேண்டும்; தாவரக் கூளம் தரும் வாயுவிலோ இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். பற்றாக்குறையை ஈடுகட்ட, கார்பன் மோனாக்சைடின் ஒரு பகுதியை நீராவியுடன் சேர்த்து ஹைட்ரஜனாக மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் கார்பன் கரியமில வாயுவாக வெளியே போய்விடுகிறது.

நெல் வைக்கோலுக்கு என்றே உள்ள தொல்லை அதன் சாம்பல். மரத்தில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். நெல் வைக்கோலிலோ பதினைந்து முதல் இருபது பங்கு வரை இருக்கும். அதில் சிலிக்காவும் பொட்டாசியமும் மிகுதி. இவை கூடினால் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே இளகிக் கலனின் சுவரில் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும். வாயுவோடு வரும் தார் குழாய்களை அடைக்கும். கந்தகமும் குளோரினும் மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஆகவே வாயுவாக்கும் கலனைவிட வாயுவைத் தூய்மை செய்யும் பகுதியே இவ்வாலைகளில் பொறியாளரின் பொறுமையை அதிகம் சோதிக்கிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் கரிவாயுவைக் கொண்டு பேருந்துகள் ஓடினவே. அத்தகைய எளிய கலனோடு வினையூக்கியை இணைத்துவிட்டால் என்ன? அக்கலன்களில் காற்றே செலுத்தப்படுகிறது. ஆகவே கிடைக்கும் வாயுவில் பாதியளவு நைட்ரஜன். இயந்திரத்தில் எரிக்க அது போதும். டீசல் கட்டுவதற்கு நைட்ரஜன் கலவாத வாயு வேண்டும். அதற்குத் தூய ஆக்சிஜன் தயாரிக்கும் நிலையமோ, நீராவியால் வாயுவாக்கும் ஏற்பாடோ தேவை. இவை சிறிய அளவில் கட்டுப்படியாகா.

ஒரு டன் வைக்கோல் என்ன தரும்?

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் நெல் வைக்கோலில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 14,500 மெகாஜூல். வாயுவாக்கம், தூய்மை செய்தல், இணைப்பு எனப் பல படிகளையும் கடந்து இதில் நாற்பது விழுக்காடு திரவ எரிபொருளில் வந்து சேர்வதாகக் கொள்வோம். 5,800 மெகாஜூல் கிடைக்கும். ஒரு கிலோ டீசலின் ஆற்றல் 44 மெகாஜூல் என்பதால், விளைவு ஏறத்தாழ 130 கிலோ, அதாவது 170 லிட்டர். வைக்கோலில் இருந்த கார்பனில் மூன்றில் ஒரு பங்குகூட டீசலுக்குள் செல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மின்னாற்பகுப்பினால் பெற்ற ஹைட்ரஜனை வெளியிலிருந்து சேர்த்தால் விளைவைக் கணிசமாக உயர்த்தலாம். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் வெற்றி பெறுமானால் இவ்வழி திறக்கக்கூடும். அந்த ஹைட்ரஜனுக்கு உரத் தொழிலும் எஃகுத் தொழிலும் முன்வரிசையில் நிற்கின்றன என்பதையும் மறத்தற்கில்லை.

நமது நாட்டில் ஆண்டுதோறும் கிடைக்கும் பயிர்க் கழிவு ஏறத்தாழ 75 கோடி டன் என்றும், அதில் தேவைக்குப் போக எஞ்சுவது ஏறத்தாழ 23 கோடி டன் என்றும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் மதிப்பீடு கூறுகிறது. ஒரு துரும்புகூட வீணாகாமல் இவ்வளவையும் திரட்டினாலும் கிடைக்கக்கூடியது 3 கோடி டன் எரிபொருள்; 2023-24இன் டீசல் செலவில் மூன்றில் ஒரு பங்கு. இது எட்டமுடியாத உச்சவரம்பு. அனல் மின் நிலையமும், எத்தனால் ஆலையும், செங்கற் சூளையும் இதே கூளத்தைக் கேட்கின்றன. ‘எஞ்சியது’ என்னும் சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பஞ்சாபில் கால்நடைகளுக்குக் கோதுமை வைக்கோலையே விரும்பி இடுகின்றனர். அங்கு நெல் வைக்கோல் எஞ்சுவது உண்மை. தமிழ்நாட்டிலும் கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் நெல் வைக்கோல் மாட்டின் உணவு. அங்கு ஆலை வாங்கும் ஒவ்வொரு கட்டும் தீவன விலையில் எதிரொலிக்கும்.

ஆலை பெரிது, வயல் சிறிது

ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் எரிபொருள் தயாரிக்கும் ஓர் ஆலையை எண்ணிப் பார்ப்போம். பெட்ரோலியத் துறையின் கண்ணுக்கு இது மிகச் சிறிய ஆலை. இதன் ஓராண்டு உற்பத்தி, நாடு முழுவதும் பத்து மணி நேரம் ஓடுவதற்கே போதும். ஆனால் இதற்கு 7 லட்சத்து 60 ஆயிரம் டன் வைக்கோல் வேண்டும். ஹெக்டேருக்கு 6 டன் வைக்கோல் என்று கொண்டால், ஒன்றேகால் லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்கள் ஒன்றுவிடாமல் தம் வைக்கோலைத் தர வேண்டும்.

எவ்வளவு காலத்திற்குள்? பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நெல் நடவை ஜூன் மாதத்திற்குத் தள்ளிப் போட்டது. நடவு தள்ளியபோது அறுவடையும் தள்ளியது. கோதுமை விதைப்போ காத்திராது. இரண்டுக்கும் இடையே உழவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று வாரங்கள். அந்த இருபது நாட்களில் நமது ஆலைக்கு நாள்தோறும் 38,000 டன் வைக்கோல் வயலைவிட்டு நகர வேண்டும். லாரிக்குப் பத்து டன் என்றாலும் நாளொன்றுக்கு 3,800 லாரிச் சுமை. வந்த வைக்கோல் ஆண்டு முழுவதற்கும் இருப்பில் கிடக்க வேண்டும். இறுகக் கட்டிய கட்டுகளும் கன மீட்டருக்கு 150 கிலோ அளவே எடை உள்ளவை. ஆறு மீட்டர் உயரத்திற்கு அடுக்கினாலும் இருநூறு ஏக்கருக்கு மேல் இடம் வேண்டும். தீ பரவாமலிருக்க விடும் இடைவெளிகள் இதில் சேரவில்லை. மழை நனைத்த வைக்கோல் மக்கும். காய்ந்தது ஒரு பொறியில் போகும்.

இக்காரணங்களால் ஆலையைச் சிறிதாக்கி, வயலின் அருகே கொண்டுபோகலாமே என்று தோன்றும். செலவு அதற்கு இடம் தருவதில்லை. ஒரு கணக்குக்காக, ஆலை வாயிலில் வைக்கோலின் விலை டன்னுக்கு 2,000 ரூபாய் என்று கொள்வோம். லிட்டர் டீசலுக்கு வைக்கோல் செலவு 12 ரூபாய்தான் ஆகிறது. எஞ்சிய செலவெல்லாம் ஆக்சிஜன் நிலையம், அழுத்தக் கலன்கள், தூய்மைக் கோபுரங்கள், அவற்றிற்கான கடன் வட்டி ஆகியவற்றின் பாற்பட்டது. ஆலை சிறிதானால் இச்சுமை ஒவ்வொரு லிட்டரின்மீதும் கூடிக்கொண்டே போகும். ஆலை பெரிதானால் வைக்கோல் வெகுதொலைவிலிருந்து வரவேண்டும். நிலக்கரிக்கு இந்த முரண்பாடு இல்லை. சுரங்கத்தின் வாயிலிலேயே ஆலையைக் கட்டலாம். சாசோல் செய்தது அதுவே.

இம்முரண்பாட்டில் சிக்கியவர்களுள் ஜெர்மனியின் கோரன் நிறுவனத்தின் அனுபவம் கற்கத்தக்கது. சாக்ஸனி மாநிலத்தின் ஃபிரைபெர்க் நகரில், மரத்திலிருந்து ஆண்டுக்கு 15,000 டன் டீசல் தயாரிக்கும் நோக்கத்துடன் அந்நிறுவனம் ஓர் ஆலையைக் கட்டியது. 2008 ஏப்ரலில் நடைபெற்ற தொடக்க விழாவில் அந்நாட்டின் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல் கலந்துகொண்டார். புகழ்பெற்ற மோட்டார் நிறுவனங்கள் அதில் பங்கு வைத்திருந்தன. எனினும் வணிக உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே, 2011ஆம் ஆண்டில் நிறுவனம் நொடித்துப்போயிற்று. பகுதி பகுதியாக வெற்றி கண்ட கருவிகளை ஒரு சங்கிலியாகக் கோத்துத் தொடர்ந்து ஓட்டுவதற்கு, பணம் தாங்கும் காலத்தைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது.

அதே நாட்டின் கார்ல்ஸ்ரூஹே நகர ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். வைக்கோலை வட்டாரந்தோறும் சிறு நிலையங்களில் விரைவாகச் சூடாக்கி, எண்ணெயும் கரித்தூளும் கலந்த குழம்பாக மாற்றுவது. ஒரே கன அளவில் வைக்கோலைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட அக்குழம்பை மட்டும் மைய ஆலைக்குக் கொண்டுசெல்வது என்பது அவர்தம் திட்டம். அவர்கள் இறுதியாகத் தயாரித்தது பெட்ரோல்தான் என்றாலும், பல ஊர்களில் பால் சேகரித்து ஓரிடத்தில் பதப்படுத்தும் கூட்டுறவு முறையை அறிந்த நமக்கு, இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

காட்டாமணக்கு கற்பித்தது

செயற்கை டீசலுக்குத் திட்டம் தீட்டுவோர் காட்டாமணக்கின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. 2003ஆம் ஆண்டில் திட்டக்குழு அமைத்த குழுவின் அறிக்கை, 2011-12க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாவர எண்ணெயால் ஈடுசெய்யலாம் என்றும், அதற்கு 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்குப் பயிரிட வேண்டும் என்றும் கணித்தது. செடி எந்த மண்ணிலும் உயிர் வாழும் என்பது உண்மை. உயிர் வாழ்வதும் காய்ப்பதும் ஒன்றல்லவே! நீரும் உரமும் இல்லாத நிலத்தில் விளைச்சல் எதிர்பார்ப்பின் அருகிலும் வரவில்லை. பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்டிருந்த நிலம் பல ஊர்களில் ஆடுமாடு மேயும் நிலமாகவும் இருந்தது. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்கை அடக்கமாக, 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு என்று வகுத்தது. செயற்கை டீசல் போன்ற எரிபொருள்களையும் முன்னேறிய உயிரி எரிபொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கிடையில் வைக்கோலுக்கு வேறு வழிகளும் திறந்துள்ளன. அரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட எத்தனால் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தரும் வகையில் அமைக்கப்பட்டது. டன்னுக்கு 150 லிட்டர். ஆற்றலில் 3,150 மெகாஜூல். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் லெஹ்ராகாகாவில் அதே ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 300 டன் வைக்கோலை நொதிக்கவைத்து 33 டன் அழுத்தப்பட்ட உயிரி வாயுவைத் தரும் திறனுடையது. இது டன் வைக்கோலுக்கு ஏறத்தாழ 5,000 மெகாஜூல். செயற்கை டீசல் தரக்கூடிய 5,800 மெகாஜூலுக்கு இது வெகுவாகக் குறைந்ததன்று, ஆலையும் எளியது. நொதித்தபின் எஞ்சும் சேறு எருவாக வயலுக்குத் திரும்புகிறது என்பது மற்றொரு நன்மை. ஒரு டன் நெல் வைக்கோலில் 25 கிலோ அளவுக்குச் சாம்பல் சத்தும், 5 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்தும் உண்டு. வாயுவாக்கும் கலனில் தழைச்சத்து முழுவதும் போய்விடும். சாம்பல் உருகிக் கண்ணாடியாகும் முறைகளில் பொட்டாசியமும் பயிருக்கு எட்டாது. பொட்டாசிய உரத்தை இறக்குமதி செய்யும் நாடு இதனை அற்பமாகக் கருதலாகாது.

ஆகவே பஞ்சாப் வைக்கோலின் பெரும்பகுதிக்கு இன்றைய நிலையில் உயிரி வாயுவே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. செயற்கை எரிபொருளுக்கு உரிய இடம் மின்சாரமும் வாயுவும் எளிதில் புகமுடியாத இடமாகும். இறைவைப் பம்பு மின்சாரத்திற்கு மாறிவிட்டது. இரயில் பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டது. நெடுந்தொலைவு விமானமும் ஆழ்கடற் கப்பலும் அவ்வாறு மாற இயலாது. கூளம் ஏற்கெனவே ஓரிடத்தில் குவியும் ஆலைகளின் அருகே, குறிப்பாகக் கரும்புச் சக்கை மிகும் சர்க்கரை ஆலை வளாகங்களில், முதல் முயற்சி தொடங்குவது முறையாகும். அங்கு நமது கணக்கின் கடினமான பகுதியான சேகரிப்பு, கரும்புக்கென்று முன்பே தீர்க்கப்பட்டுவிட்டது. சாம்பலும் வைக்கோலைவிடக் குறைவு. சக்கையைக் கொண்டு மின்சாரம் தயாரித்து வரும் ஆலைகள் அவ்வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே அங்குள்ள தடை.

டீசலைத் தயாரிப்பதைவிட டீசலை மிச்சப்படுத்துவது எளிது என்பதையும் கூற வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கிராமத் தொழில்நுட்பக் குழுவினர் 1988ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி என்னும் சிற்றூரில் 3.7 கிலோவாட் மரவாயு நிலையம் ஒன்றை நிறுவினர். சாதாரண டீசல் இயந்திரத்தில் மரவாயுவைச் செலுத்தி, தேவையான டீசலில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தினர். வீடுகளுக்கு விளக்கும், குடிநீருக்கு இறைப்பும் அதனால் கிடைத்தன. வினையூக்கியும் அழுத்தக் கலனும் அங்குத் தேவைப்படவில்லை.

தம் மாவட்டத்திற்கு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவரும், திட்ட அறிக்கையைப் பரிசீலிக்கும் அலுவலரும் ஐந்து விவரங்களை முதலில் திரட்ட வேண்டும்: ஒவ்வொரு பயிரின் பரப்பு, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட நாட்கள், கால்நடைகளின் எண்ணிக்கை, கூளத்தை ஏற்கெனவே வாங்குவோர் யார், எவ்வளவு என்பது, வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் வட்டாரத்தில் எத்தனை உள்ளன என்பது. நான்காவது விவரம் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாகக் கிடைக்காது. அறுவடை நாட்களில் சாலையோரம் நின்று, வைக்கோல் ஏற்றிச் செல்லும் வண்டிகளை எண்ணியும், அவை எங்கே போகின்றன என்று ஓட்டுநரைக் கேட்டும்தான் அதனைப் பெறவேண்டியிருக்கும்.